கார் தானே போடும் போன்!

புது கார் ஒன்றில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் தொடுதிரையைத் தட்டுவார்கள், சன்ரூஃபைத் திறந்து மூடுவார்கள். என் கண் நேராகக் கூரைக்குப் போகும். அங்கே, உள்விளக்குக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு குட்டி மூடி. அமுக்கினால் தடக்கென்று திறக்கும். உள்ளே சிவப்பாக எஸ்.ஓ.எஸ். பொத்தான். சில கார்களில் மூடி இருக்காது, பொத்தான் மட்டும் இருக்கும். இதைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். ஏனென்றால், நிஜமான ஆபத்து வரும்போது இந்தப் பொத்தானை யாரும் அழுத்தவே தேவையில்லை. அதுதான் இதன் ஆகப்பெரிய ரகசியம்!

மோதல் பலமாக இருந்தால் கார் தானே போன் போட்டுவிடும். ஓட்டியவர் மயங்கிக் கிடக்கலாம். கைபேசி சீட்டுக்கடியில் எங்கேயோ பறந்து போயிருக்கலாம். சாலையில் ஈ காக்கை இல்லாமல் இருக்கலாம். கார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காது. ஐரோப்பாவில் இதற்கு ‘இ-கால்’ என்று பெயர். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக ஒப்புதல் பெறும் ஒவ்வொரு கார் மாடலிலும், சிறிய வேன் மாடலிலும் இது கட்டாயம். சந்தா கிடையாது, கார் இருக்கும்வரை வசதியும் இருக்கும். விற்பனைப் பிரதிநிதி இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும் இந்த வசதிக்குப் பின்னால் என்னென்ன நடக்கிறது தெரியுமா? வாருங்கள், உள்ளே புகுந்து பார்த்துவிடுவோம்.

நேரத்தை மிக மிக மெதுவாக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ‘ஆட்டோபான்’ அதிவேகச் சாலை ஒன்றில், நள்ளிரவில், கொட்டும் மழையில் ஒரு கார் வழுக்கி, நடுத்தடுப்பில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில், தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு பெட்டி இருக்கிறது. ஏர்பேக்கின் மூளை அது. முன் பம்பர் பக்கத்திலிருந்தும் கதவுகளிலிருந்தும் உணரிகள் அதற்கு ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டிருக்கும். கதவுக்குள் இருப்பது பல கார்களில் காற்றழுத்த உணரி. வெளித்தகடு நசுங்கும்போது கதவின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று சட்டென்று இறுகுமே, அந்த இறுக்கத்தை அது பிடித்துவிடுகிறது! முதன்முதலில் இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். காற்று இறுகுவதை வைத்து ‘இடித்துவிட்டார்கள்’ என்று கண்டுபிடிக்கலாம் என்று யோசித்த அந்த இன்ஜினியரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சாலைப் பள்ளமா, நிஜமான மோதலா என்று முடிவெடுக்கப் பெட்டிக்குக் கிடைப்பது 15 முதல் 30 மில்லி நொடி வரைதான். நாம் ஒருமுறை கண் சிமிட்டவே 100 மில்லி நொடிக்கு மேல் ஆகும். முடிவெடுத்ததும் ஒரே நேரத்தில் எத்தனை வேலை பாருங்கள்: சீட் பெல்ட் இழுத்து இறுக்கப்படுகிறது, ஏர்பேக் விரிகிறது, பெட்ரோல் பம்ப் நிற்கிறது, கதவுப் பூட்டுகள் விடுபடுகின்றன, நான்கு மூலை விளக்குகளும் மினுக்க ஆரம்பிக்கின்றன. எலெக்ட்ரிக் காராக இருந்தால் உயர் அழுத்த மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. இவற்றோடு சேர்த்து இன்னொரு பெட்டிக்கும் ஒரு வரிச் சேதி போகிறது: ‘மோதிவிட்டோம்.’

அந்த இன்னொரு பெட்டிதான் நம் கதாநாயகன். ஒர்க்‌ஷாப் ஒன்றில் கழற்றி வைத்திருந்ததைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பெட்டி. அழகு என்று எதுவும் இல்லை. ஒரு விளிம்பில் ஆன்டெனா கேபிள்கள் சொருகும் முனைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், மாற்றிச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. முதுகுப் பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள் குட்டி பேட்டரி. அந்த பேட்டரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காரின் பெரிய பேட்டரி பெரும்பாலும் இன்ஜினுக்குப் பக்கத்தில், முதல் அடியிலேயே நசுங்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அது செத்துப்போனாலும் இந்தப் பெட்டி பேச வேண்டும்! சிம்மும் கழற்றி மாட்டும் கார்டு அல்ல, பலகையோடு பற்றவைத்த சில்லு. எவ்வளவு குலுங்கினாலும் நழுவாது. கூரையில் நிற்கும் ஷார்க் ஃபின் ஆன்டெனா இருக்கிறதே, கார் குப்புறப் புரண்டால் முதல் பலி அதுதான். ஆகவே வேறோர் இடத்தில் இரண்டாவது ஆன்டெனாவை ஒளித்துவைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மியூசிக் சிஸ்டத்தை நம்பாமல், இந்த ஒரு அழைப்புக்காகவே தனி ஸ்பீக்கர் வைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ‘சரி, இதுவும் உடைந்துபோனால்?’ என்று யாரோ ஒருவர் பிடிவாதமாகக் கேட்டிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தின் மீது எனக்குக் கொள்ளைப் பிரியம்.

‘எப்போதும் சிம்மோடு சுற்றும் பெட்டி என்றால் நம்மை வேவு பார்க்காதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஐரோப்பியச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. 112 என்ற அவசர எண்ணுக்குப் போகும் இந்த அடிப்படை இ-கால், சாதாரண நாட்களில் உறங்கிக் கிடக்க வேண்டும். யாரும் அதைக் கொண்டு காரைப் பின்தொடர முடியாது. கடைசி மூன்று இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பழையதை அழித்தபடியே இருக்க வேண்டும். அவசர அழைப்பு தொடங்கும்போதுதான் அது வாயைத் திறக்கும். கார் நிறுவனங்கள் தனியாக விற்கும் ‘கனெக்டெட்’ சேவைகள் வேறு விஷயம். அவற்றின் நிபந்தனைகளை அந்தந்த ஒப்பந்தத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அழைப்பு போகிறது. எண் 112. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அவசர எண்ணாக இருக்க வேண்டும் என்று 1991-இல் முடிவு செய்யப்பட்ட எண். இணையம், ஆப், எஸ்.எம்.எஸ். எதுவும் இல்லை, அசல் குரல் அழைப்பேதான். அவசரக் குரல் அழைப்புக்கு செல்போன் வலையமைப்பில் முன்னுரிமை உண்டு. சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லையென்றால் அங்கே கிடைக்கும் எந்த நிறுவனத்தின் கோபுரத்திலும் அது ஏறிக்கொள்ளலாம். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அந்த ராஜமரியாதை கிடையாது.

சரி, குரல் அழைப்பில் தகவலை எப்படி அனுப்புவது? இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம் வரும். கார் தகவலை ஒலியாக மாற்றி, அந்த போன் காலுக்குள்ளேயே பாடுகிறது! அழைப்பு இணைந்ததும் காருக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் சில நொடி மௌனமாகிவிடும். மறுமுனையில் கட்டுப்பாட்டு அறையின் மோடம் ‘அனுப்பு’ என்று சைகை காட்டும். கார் பாட ஆரம்பிக்கும். இன்டர்நெட் வந்த புதிதில் வீட்டு டெலிபோன் வயரில் டயல்-அப் மோடம் கீச்சிட்டுக் கரகரத்துக்கொண்டே இணையும் அல்லவா, ஏறக்குறைய அந்தச் சங்கதிதான். ஒரு எழுத்து பிசகினாலும் மறுமுனை கண்டுபிடித்துவிடும். சரியாகச் சேர்ந்துவிட்டது என்று ஒப்புதல் வரும்வரை கார் திரும்பத் திரும்பப் பாடும். சிக்னல் நன்றாக இருந்தால் நான்கைந்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். உடனே குரல் திறந்துகொள்ளும்.

அந்தப் பாட்டின் முழு நீளம் 140 பைட். அவ்வளவேதான்! பழைய எஸ்.எம்.எஸ். ஒன்றின் கொள்ளளவும் இதுதான். தமிழில் அனுப்பினால் 70 குறியீடுகளோடு தீர்ந்துபோகுமே, அதே கணக்கு. இந்தச் சிறிய இடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று தீயணைப்பு, மருத்துவம், தொலைத்தொடர்பு, கார்த் தொழில் என எல்லாத் தரப்பையும் கேட்டு வடிகட்டியிருக்கிறார்கள். முதலில், இது தானாக வந்த அழைப்பா, யாரோ பொத்தானை அழுத்தியதா? தானாக வந்தது என்றால் நிலைமை மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து நேரம், இடம், அந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பு.

இடத்தோடு கார் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதும், அதற்கு முந்தைய இரண்டு இடங்களும் போகின்றன. எதற்கு இவ்வளவு? ஆட்டோபானில் போய்ப் பார்த்தால் தெரியும். நடுவில் தடுப்பு, இந்தப் பக்கம் வடக்கே போகும் பாதை, அந்தப் பக்கம் தெற்கே. ஆம்புலன்ஸ் தப்பான பாதையில் ஏறிவிட்டால், விபத்து பத்தடி தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்தாலும் தாண்டிப் போக முடியாது. அடுத்த வெளிவழி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். மூன்று புள்ளிகளும் ஒரு திசையும் அந்த வீண் ஓட்டத்தைத் தவிர்க்கின்றன. காயம்பட்டவரை ‘எந்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டால் பாவம், அவர் என்ன சொல்வார்?

பிறகு, பூட்டியிருக்கும் சீட் பெல்ட்டுகளின் எண்ணிக்கையையும் அனுப்பலாம். இரண்டா, ஐந்தா என்பதை வைத்து எத்தனை ஆம்புலன்ஸ் அனுப்புவது என்று முடிவெடுக்கலாம். எரிபொருள் என்ன: பெட்ரோலா, டீசலா, கேஸா, மின்சாரமா, ஹைட்ரஜனா? தீயணைப்பு வீரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கடைசியாக, காரின் அடையாள எண். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த வரிசையைக் கொண்டு மாடலைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த மாடலுக்கான மீட்புத் தாளை எடுத்துவிடலாம். மீட்புத் தாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காரை எக்ஸ்ரே எடுத்த மாதிரி ஒரு படம். ஏர்பேக்கின் வாயுக் குப்பிகள் எங்கே, மிகக் கடினமான எஃகு எந்தத் தூணில், ஆரஞ்சு நிற உயர் அழுத்த கேபிள் எந்த வழியாக ஓடுகிறது, பேட்டரி எங்கே, எந்த இடத்தில் வெட்டினால் ஆபத்தில்லை, எல்லாம் வண்ணம் தீட்டிக் காட்டியிருக்கும். கதவை வெட்டி ஆளை வெளியே எடுக்கும் வீரர், கருவியை வைக்கும் முன்பே எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு வருகிறார். காரிலிருந்து கிளம்பிய 140 பைட் பாட்டு அவர் கைக்கருவி வரை போய்ச் சேருகிறது!

இன்னொரு அழகும் இருக்கிறது. இந்தத் தகவலுக்கு மொழி கிடையாது. போலந்துக்காரர் ஒருவரின் கார் ஸ்பெயினில் விபத்துக்குள்ளானால், ஸ்பெயின் கட்டுப்பாட்டு அறையின் திரையில் தகவல் அவர்கள் மொழியிலேயே விரியும். ஊர் பேர் தெரியாத இடத்தில், பாஷை தெரியாத மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட்டோம். திரையில் வரைபடம் விரிகிறது, புள்ளி விழுகிறது. ஹெட்போனில் காருக்குள் இருக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. வைப்பர் கண்ணாடியில் உரசும் ஓசை. மழை. பணியில் இருப்பவர் பேசுகிறார்: “அவசர உதவி மையத்திலிருந்து பேசுகிறேன். நான் பேசுவது கேட்கிறதா?” பதில் வந்தால் வரிசையாகக் கேள்விகள்: எத்தனை பேர் இருக்கிறீர்கள், மூச்சு விட முடிகிறதா, ரத்தம் எங்கிருந்து வருகிறது, புகை வாடை வருகிறதா? “கழுத்தைத் திருப்பாதீர்கள். கையில் துணி கிடைத்தால் மடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். வண்டி கிளம்பிவிட்டது. நான் லைனிலேயே இருக்கிறேன்.”

மொத்த ஏற்பாட்டிலும் என்னை அதிகம் உலுக்குவது இந்தக் கடைசி வாக்கியம்தான். செயற்கைக்கோள், சில்லு, மோடம் எல்லாவற்றையும் தாண்டி, இருட்டில் நசுங்கிய காருக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல இன்னொரு மனிதர் வந்துவிட்டார். இந்தச் சேவையின் மதிப்பைப் பணத்தில் கணக்குப் போடுபவர்கள் இந்த நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதில் வராவிட்டால்? அதுவும் ஒரு தகவல்தான். தானாக வந்த அழைப்பு, இரண்டு பெல்ட், குரல் இல்லை என்றால், அனுப்பும் வண்டியின் தரமும் எண்ணிக்கையும் அதற்கேற்ப இருக்கும். லைன் துண்டித்துப்போனாலும் கவலையில்லை. குறைந்தது ஒரு மணி நேரத்துக்குக் கார் அந்த வலையமைப்பிலேயே காத்திருக்கும். கட்டுப்பாட்டு அறை திரும்பக் கூப்பிட்டால் தானே எடுக்கும். உள்ளே இருப்பவர் எந்தப் பொத்தானையும் தேட வேண்டாம்.

இதெல்லாம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு தேதி போதும். 1969 மே 3. ஜெர்மனியின் வின்னென்டன் நகரில், நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 8 வயதுச் சிறுவன் பியோர்ன் ஷ்டைகரை ஒரு கார் இடித்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் உடனே போலீசையும் செஞ்சிலுவைச் சங்கத்தையும் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. பியோர்ன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தான்; கொன்றது காயம் அல்ல, அதிர்ச்சி நிலை. அவனுடைய பெற்றோர் ஊட்டேயும் சீக்ஃப்ரீடும் இரண்டே மாதத்தில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். சாலையோரங்களில் அவசரத் தொலைபேசிகள் நட்டார்கள். ஜெர்மனி முழுவதற்கும் 110, 112 என்று ஒரே மாதிரி அவசர எண்கள் வேண்டும் என்று அரசுகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1973-இல் அது முடிவாயிற்று. கூரையில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானின் முன்னோர்களைத் தேடிப் போனால், இந்த அப்பா அம்மாவிடம்தான் போய் நிற்போம் என்பது என் எண்ணம்.

காரே கூப்பிட வேண்டும் என்ற யோசனை ஐரோப்பாவில் 1999 வாக்கில் எழுந்தது. பேச்சு, ஒத்திவைப்பு, மறுபடி பேச்சு என்று இழுத்து, 2015 ஏப்ரலில் சட்டமானது. ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு என்ன தெரியுமா? உதவி போய்ச் சேரும் நேரம் நகரங்களில் 40 சதவீதம் வரை, கிராமப்புறங்களில் 50 சதவீதம் வரை குறையலாம். கிராமப்புறத்தில் பலன் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நகரத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள். வயல்வெளிச் சாலையில் பள்ளத்துக்குள் உருண்ட காரை விடிந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

அமெரிக்கா இந்த வழியில் முன்னாலேயே கிளம்பிவிட்டது. ஆனால் அங்கே அரசு அல்ல, கம்பெனிகள். 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஆன்ஸ்டார்’ சேவையை அறிவித்தது. முதலில் ஏறியது காடிலாக் கார்களில். ஏர்பேக் விரிந்தால் ஆன்ஸ்டாரின் ஆலோசகர் லைனில் வருவார். அவர் அந்தப் பகுதியின் 911 அவசர உதவி மையத்தோடு இணைப்பார். பிறகு அவர்கள் செய்ததுதான் அசத்தல். மோதலில் வேகம் எவ்வளவு சடாரென்று குறைந்தது, அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரு தடவையா பல தடவையா, கார் புரண்டதா, பெல்ட் போட்டிருந்தார்களா என்ற விவரங்களையும் கார் அனுப்ப ஆரம்பித்தது. இவற்றை வைத்து, உள்ளே இருப்பவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடலாம்! அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூட்டிய நிபுணர் குழு, 2008-இல் இதற்கு ஒரு கோடு போட்டது: பலத்த காயத்துக்கான வாய்ப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், காயமடைந்தவர் அவசர விபத்துச் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டியவராக இருக்கலாம் என்று கருதிச் செயல்பட வேண்டும்.

இது ஏன் முக்கியம்? வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்து வருபவர் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பார். ‘எனக்கு ஒண்ணும் இல்லைங்க’ என்பார். காருக்கு மட்டும் அடியின் வேகம் தெரியும். முதல் நிலை விபத்துச் சிகிச்சை மையத்தில் சேர்க்கப்படும் பலத்த காயக்காரர்களின் இறப்பு அபாயம், அந்த வசதி இல்லாத மருத்துவமனையோடு ஒப்பிட்டால் சுமார் 25 சதவீதம் குறைவு என்று 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதை முடிவுசெய்ய நசுங்கிய கார் வாய் திறந்து சாட்சி சொல்கிறது என்றால், அதைக் கேட்காமல் இருக்கலாமா? ஜப்பானில் 2015 முதல், கார் அனுப்பும் தகவலை மருத்துவர் செல்லும் ஹெலிகாப்டரோடு இணைத்திருக்கிறார்கள். கார் கூப்பிடுகிறது, டாக்டர் பறந்து வருகிறார்!

குறை இல்லாமல் இல்லை. சந்தா அடிப்படையில் தரப்படும் இடங்களில், பணம் கட்ட மறந்தவரின் கார் ஊமையாகிவிடும். உயிர் காக்கும் அழைப்பு மாதச் சந்தாவில் தொங்கக் கூடாது. பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறோமா என்ன? இதில் ஐரோப்பியர்கள் செய்ததுதான் சரி. இன்னொரு சிக்கல், கார் 15 வருஷம் ஓடும், செல்போன் தொழில்நுட்பம் அவ்வளவு நாள் ஓடாது. 2008 தொடக்கத்தில் அமெரிக்காவில் பழைய அனலாக் வலையமைப்பு மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கார்களின் ஆன்ஸ்டாரும் அடங்கிப்போனது. ஐரோப்பிய இ-கால் உருவானது 2ஜி, 3ஜி காலத்தில். அந்தக் கோபுரங்களை இப்போது நாடுகள் ஒவ்வொன்றாக அணைத்துவருகின்றன. 4ஜி, 5ஜி-யில் பேசும் புதிய தலைமுறை இ-கால் வருகிறது, நல்ல விஷயம். ஏற்கெனவே சாலையில் ஓடும் கோடிக்கணக்கான பழைய கார்கள் என்ன செய்யும் என்பதற்கும் அந்த அரசுகள் பதில் வைத்திருக்க வேண்டும்.

‘கைபேசியிலேயே இது வந்துவிட்டதே’ என்பீர்கள். உண்மைதான், கூகுள் பிக்சலில் 2019-லும் ஐபோனில் 2022-லும் விபத்தை உணரும் வசதி வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அமெரிக்காவில் ரோலர் கோஸ்டரில் குலுங்கியவர்களின் ஐபோனும், பனிச்சறுக்கில் விழுந்து எழுந்தவர்களின் ஐபோனும் 911-ஐக் கூப்பிட்டுவிட்டன. போனுக்குக் குலுக்கல் தெரியும். ஏர்பேக் விரிந்ததா என்று காரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. மோதலில் அது எங்கே போய் விழும் என்றும் சொல்ல முடியாது. கார்ப் பெட்டியோ போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்தியாவில் சொந்த கார்களுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் எம்.ஜி. ஹெக்டரும் சிம்மோடு வந்ததிலிருந்து, நடுத்தர விலைக் கார்களிலும் எஸ்.ஓ.எஸ். பொத்தான் சகஜமாகிவிட்டது. இங்கே அழைப்பு பெரும்பாலும் கார் நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போகும்; அங்கிருந்துதான் உதவிக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கைகொடுக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அடிபட்டவரை நல்ல மனதோடு தூக்கிவிடுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆஸ்பத்திரி தயார், ஆம்புலன்ஸ் தயார், சட்டமும் தயார். காருக்கும் 108-க்கும் நடுவில் கால் சென்டர் என்ற ஒரு கை குறுக்கே நிற்பதை எடுத்துவிட்டு, கார் நேராக 108-இடம் பேசும்படி செய்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கைகாட்டிகூட இல்லாத பைபாஸில் நின்றுகொண்டு ‘எந்த இடம், பக்கத்தில் என்ன கடை இருக்கு?’ என்ற கேள்விக்குத் திணறிய எவருக்கும் இதன் அருமை தெரியும்.

அதுவரை, எஸ்.ஓ.எஸ். உள்ள கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. சேவை இன்னும் உயிரோடு இருக்கிறதா, இலவசக் காலம் முடிந்துவிட்டதா என்று ஆப்பைத் திறந்து பாருங்கள். அவசரத் தொடர்புக்கு யாருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டீர்களா? மாற்றாவிட்டால் உங்கள் கார் அவர் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, சீட்டில் ஏறி விளையாடும் குழந்தைகளின் கைக்கு அந்தப் பொத்தான் எட்டும். அழைப்பு போய்விட்டால் பதறி நிறுத்த வேண்டாம், திட்டவும் மாட்டார்கள். ‘குழந்தை தெரியாமல் அழுத்திவிட்டது, யாருக்கும் ஒன்றும் இல்லை’ என்று நீங்களே வாய் திறந்து சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் மௌனத்தை நிஜ மௌனமாகத்தான் எடுத்துக்கொள்வார்.